"மூடியாச்சு" என்று சொன்னால் போதுமா? ஆபத்தான வேலைகளில் பேச்சு என்ன செய்கிறது

ரயில்வேயில் பிரைவேட் நம்பர் என்று ஒன்று உண்டு. சிக்னலோடு இணைக்கப்படாத லெவல் கிராசிங்குகளில், வண்டி வருவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கீப்பருக்குப் போன் போட்டு, இன்ன வண்டி வருகிறது, கேட்டை மூடு என்பார். கேட்கீப்பர் மூடிப் பூட்டிவிட்டு "மூடியாச்சு" என்று மட்டும் சொன்னால் செல்லாது. தன்னிடம் இருக்கும் தாளில் அடுத்ததாக உள்ள இரட்டை இலக்க எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் எண்கள் வரிசையாக இருக்காது, கலைத்துப் போட்டு அச்சடித்திருப்பார்கள், அதனால் அடுத்து என்ன எண் வரும் என்று மறுமுனையில் இருப்பவரால் ஊகிக்க முடியாது. சொன்ன எண்ணைக் கேட்கீப்பர் தன் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டு எந்த வண்டிக்கு என்று குறித்துவைப்பார், ஸ்டேஷன் மாஸ்டரும் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அப்புறம்தான் வண்டிக்கு வழி.

புதிதாகப் பார்ப்பவருக்கு இது வெட்டி வேலையாகத் தெரியும். ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சரி என்கிறார், நடுவில் எதற்கு நம்பர் கிம்பர் எல்லாம்? ஆனால் நாள் முழுக்க இதே பேச்சைப் பேசுகிற இடத்தில் "சரி" என்ற சொல் தேய்ந்துபோய்விடும். தூக்கக் கலக்கத்தில், பழக்க தோஷத்தில், போன வண்டியை மனதில் வைத்துக்கொண்டு, ஏன், கேள்வி சரியாகக் காதில் விழாமலேகூட ஒருவரால் "சரி" சொல்லிவிட முடியும். நம்பரை அப்படிச் சொல்ல முடியாது. தாளை எடுக்க வேண்டும், பார்க்க வேண்டும், அடிக்க வேண்டும். இந்த வண்டிக்கு, இந்த நேரத்தில், இந்த ஆள் பதில் சொன்னார் என்பது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பதிவாகிவிடுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். கேட் மூடியிருக்கிறது என்பதற்கு அந்த நம்பர் சாட்சி கிடையாது, மூடியதாகச் சொல்லப்பட்டது என்பதற்குத்தான் சாட்சி. 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட, சிக்னலோடு இணைக்கப்படாத கேட்டில்தான். இணைக்கப்பட்ட கேட் என்றால் பூட்டு விழாமல் பச்சை சிக்னலே விழாது, யார் என்ன சொன்னாலும் சரி. இயந்திரத்தால் கட்டிப்போட முடிகிற இடத்தில் இயந்திரத்தால் கட்டிவிடுவதுதான் முறை. ஆனால் எல்லாவற்றையும் அப்படிக் கட்ட முடியாது. விமானத்தின் காக்பிட், ஆபரேஷன் தியேட்டர், கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய் மேடை, இங்கெல்லாம் கடைசியில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்வதை நம்பித்தான் அடுத்த வேலை நடக்கிறது.

பேச்சு நிச்சயமின்மையைக் குறைக்கிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். சரி, இதில் நிச்சயமின்மை எங்கே வருகிறது? தகவல் கோட்பாட்டை 1948-ல் எழுதிய கிளாட் ஷானன், தகவலை அளந்ததே நிச்சயமின்மையை வைத்துத்தான். ஒரு செய்தி வருவதற்கு முன் உங்களுக்கு எவ்வளவு சந்தேகம் இருந்தது, வந்த பிறகு எவ்வளவு மிச்சம், இந்த வித்தியாசம்தான் அந்தச் செய்தியில் இருந்த தகவல். ஏற்கெனவே தெரிந்ததையே ஒருவர் சொன்னால் அதில் தகவல் பூஜ்யம். ஆனால் ஷானன் கவலைப்பட்டது கம்பியில் போகும் சமிக்ஞையைப் பற்றி, அதன் பொருளைப் பற்றி அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் சிக்கல் வேறு மாதிரி. உதாரணத்துக்கு, ஒரு பம்பின் நிலைமை எனக்குத் தெரியாது என்பது ஒரு நிச்சயமின்மை. அந்தப் பம்பைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியாது, இது இன்னொன்று, பெரும்பாலும் இதுதான் பெரியது. இவை இரண்டையும்விட மோசமான ஒன்று இருக்கிறது: எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது. இதற்குச் சந்தேகத்தின் அறிகுறி எதுவும் இருக்காது, மனம் நிம்மதியாக இருக்கும், அதனால் யாரிடமும் கேட்கவும் தோன்றாது.

ஆகவே பேச்சு நிச்சயமின்மையைக் குறைக்கிறது என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பது பாதி உண்மைதான் என்பேன். மீதிப் பாதி, தவறாக நிச்சயமாக இருப்பவரின் மனதில் சந்தேகத்தை ஏற்றுவது. அது கொஞ்ச நேரத்துக்காவது நிச்சயமின்மையைக் கூட்டத்தான் செய்யும். இந்த இரண்டாவது வேலைதான் கஷ்டம், ஆட்கள் சாவதும் பெரும்பாலும் இது நடக்காத இடத்தில்தான்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் டெனெரிஃபே என்ற தீவு. பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்களை எல்லாம் டெனெரிஃபேயின் சின்ன விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இடம் போதாமல் விமானங்கள் ஓடுபாதையின் மீதே நகர்ந்து போக வேண்டிய நிலை. மேகம் இறங்கிக் கண் மறைக்கிறது, கண்ட்ரோல் டவரில் இருப்பவருக்கு ஓடுபாதை தெரியவில்லை, தரையைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது. டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் 747 விமானம் ஓடுபாதையின் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி நிற்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் 747 அதே ஓடுபாதையில், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று தரப்புக்கும் மற்றவர் எங்கே என்று கண்ணால் பார்க்க வழியில்லை. இருப்பது ஒரே ஒரு ரேடியோ அலைவரிசை.

கே.எல்.எம். கேப்டன் இன்ஜின் வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தார். கோ-பைலட் தடுத்தார், நமக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்று. தெரியும், கேள் என்றார் கேப்டன். கோ-பைலட் கேட்டார். டவரிலிருந்து வந்தது, கிளம்பிய பிறகு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதற்கான அனுமதி, கிளம்பலாம் என்பதற்கானது அல்ல. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் டேக்-ஆஃப் என்ற சொல் இருந்தது. கோ-பைலட் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டார். கோ-பைலட் தன் பேச்சை "இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்கிற மாதிரி முடித்தார். கிளம்பிவிட்டோம் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம், கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் கொள்ளலாம். டவர் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டு "ஓகே" என்றது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானியும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசியதால் கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும்தான், மீதி எல்லாம் கீச்சென்ற ஓசை.

அந்த "ஓகே"வை யாருமே கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது காலிப் பாத்திரம், கேட்பவர் தன் மனதில் இருப்பதை அதில் ஊற்றிக்கொள்ளலாம்.

இத்தோடு முடியவில்லை, எனக்கு மறக்க முடியாத பகுதி இதற்கு அப்புறம்தான். விமானம் ஓட ஆரம்பித்த பிறகு, ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் சொல்லுங்கள் என்று டவர் பான் ஆமிடம் கேட்பதும், சொல்கிறோம் என்று பான் ஆம் பதில் தருவதும் கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டன. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்கு இடித்தது. அந்த பான் ஆம் இன்னும் வெளியேறவில்லையா என்று கேட்டார். வெளியேறிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி தரும் பிரிவின் தலைவர். கோ-பைலட்டை 747 ஓட்டத் தகுதியானவர் என்று சோதித்து அனுப்பியதும் அவர்தான். இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல், இரண்டு விமானங்களிலும் சேர்த்து 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு பேர் இறந்த விபத்து இல்லை.

அந்த நேரத்தில் அந்தக் காக்பிட்டில் இருந்த மிக மதிப்புள்ள பொருள் இன்ஜினியரின் சந்தேகம்தான். கேப்டனிடம் நிச்சயம் நிறைய இருந்தது, உண்மை இல்லை. இன்ஜினியரிடம் நிச்சயம் இல்லை, உண்மை இருந்தது. அது ஒரு கேள்வியாக வெளியே வந்தது, கேள்வியை ஒரு "ஆமாம்" போட்டு மூடிவிடலாம். "நிறுத்துங்கள், பான் ஆம் ஓடுபாதையில் இருக்கிறது" என்று வந்திருந்தால் அப்படி மூடியிருக்க முடியாது. இந்த விபத்துக்குப் பிறகு ரேடியோப் பேச்சில் டேக்-ஆஃப் என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற நேரங்களில் புறப்பாடு என்ற வேறு சொல்தான் என்று விதி வந்தது.

நாமும் இதை அறியாதவர்கள் இல்லை. மேலதிகாரியிடம் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டும்போது நம் வாயில் என்ன வருகிறது? "சார், தப்பா நினைக்காதீங்க, ஒரு சின்ன டவுட்டு." "இல்லண்ணே, சும்மா கேட்டேன்." பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்தவர்கள் நாம், அது வீட்டுக்கு நல்ல பழக்கம்தான், ஆனால் கொதிகலன் பக்கத்தில் அதே பணிவு உயிரை வாங்கும். பணிவாகப் பேசும்போது விஷயத்தின் எடையும் சேர்ந்து குறைந்துவிடுகிறது, கேட்பவர் அந்தக் குறைந்த எடையைத்தான் வாங்கிக்கொள்கிறார்.

இதற்கு இன்னொரு உதாரணம் 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியான்கா 52. கொலம்பியாவிலிருந்து வந்த போயிங் 707, மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்ற வைக்கப்பட்டு, முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மறுபடி மேலே ஏறியது. எரிபொருள் அடிமட்டத்தில். அவசரநிலை என்று சொல் என்று கேப்டன் கோ-பைலட்டிடம் சொன்னார். கோ-பைலட் கண்ட்ரோலரிடம், டவர் கொடுத்த உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலில் ஒட்டவைத்த மாதிரி, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது சார் என்றார். அவசரநிலை என்ற அந்த ஒரு சொல் வரவில்லை. அந்தச் சொல் வந்தால் கண்ட்ரோலர் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு இவர்களுக்கு வழி விட வேண்டும், அது வராவிட்டால் காத்திருக்கும் பல விமானங்களில் இதுவும் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ட்ரோலர், உங்களைப் பதினைந்து மைல் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிதானே என்று கேட்டார். சரி என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்று பதில் போனது.

கேப்டன் நடுவில், எரிபொருள் இல்லை என்று சொல்லிவிட்டாயா என்று மறுபடியும் கேட்டார். சொல்லிவிட்டேன் சார் என்றார் கோ-பைலட். பொய்யில்லை, அவர் சொல்லத்தான் சொன்னார். ஆக கேப்டன் மனதில் தரையில் இருப்பவர்களுக்கு நிலைமை தெரியும், தரையில் இருப்பவர்கள் மனதில் இந்த விமானம் சமாளித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் நிம்மதி. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்தில் தீப்பிடிக்கவில்லை, பிடிப்பதற்கு எரிபொருள் இல்லை.

இப்படி விழுந்து விழுந்து கற்றதுதான் சி.ஆர்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், விமானக் குழுவினர் ஒருவரோடு ஒருவர் பேசிச் சேர்ந்து வேலை செய்வதற்கான பயிற்சி. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யுனைட்டட் என்ற நிறுவனத்தின் விமானம் ஒன்று, சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று அதையே ஆராய்ந்துகொண்டு சுற்றியதில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று ஃப்ளைட் இன்ஜினியர் சாடைமாடையாகச் சொல்லத்தான் செய்தார். அடுத்த ஆண்டு நாசா இதைப் பற்றி ஒரு பட்டறை நடத்தியது, 1981 வாக்கில் யுனைட்டட் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. பயிற்சியின் சாரம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை: கீழே இருப்பவர் அழுத்திச் சொல்லப் பழக வேண்டும், மேலே இருப்பவர் கேட்டு வாங்கப் பழக வேண்டும். 1989-ல் அதே நிறுவனத்தின் 232-ம் எண் விமானம், வால் இன்ஜின் வெடித்து ஹைட்ராலிக் அமைப்புகள் மொத்தமும் போய், சுக்கானே வேலை செய்யாத நிலைக்கு வந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரைக் காக்பிட்டுக்குள் வரவழைத்து இன்ஜின் விசைகளை அவர் கையில் கொடுத்தார். நான்கு பேரும் பேசிப் பேசியே அதை சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 112 பேர் இறந்தாலும் 184 பேர் பிழைத்தார்கள், அந்த நிலையில் ஒருவர்கூடப் பிழைப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிழைத்ததற்குக் காரணமாக ஹெய்ன்ஸ் சொன்னவற்றில் இந்தப் பயிற்சியும் உண்டு.

அழுத்திச் சொல்வது என்றால் கத்துவதா? இல்லை. மருத்துவமனைகளில் சொல்லித்தரும் ஒரு முறையில் மூன்று படிகள். முதலில், எனக்கு இதில் கவலையாக இருக்கிறது. பலிக்கவில்லையா, எனக்கு இது சரியாகப் படவில்லை. அதுவும் பலிக்காவிட்டால், இது பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள். சொற்களை முன்கூட்டியே எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருப்பதுதான் இதன் பலம், மூன்றாவது படியைச் சொன்னால் யாராக இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும் என்று மூத்த சர்ஜனுக்கும் தெரியும், புதிதாக வந்த நர்ஸுக்கும் தெரியும். அதனால் சொல்பவர் அங்கே துணிச்சலைத் திரட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மேலே இருப்பவர் கேட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்பதற்கு 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் நதியில் இறங்கிய விமானத்தின் ஒலிப்பதிவு உதாரணம். பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போய்விட்டன. விமானம் என் கையில் என்றார் கேப்டன் சல்லன்பர்கர், உங்கள் கையில் என்று திருப்பிச் சொன்னார் கோ-பைலட் ஸ்கைல்ஸ். யார் ஓட்டுகிறார் என்பதில் இனி சந்தேகம் கிடையாது, மற்றவர் இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்கும் பட்டியலைப் பார்க்கலாம். தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன், வேறு யோசனை ஏதாவது இருக்கிறதா என்று கேப்டன் கேட்கிறார். இல்லை என்கிறார் ஸ்கைல்ஸ். அந்த "இல்லை" வீண்பேச்சு மாதிரித் தெரியும், ஆனால் அதுவும் தகவல்தான்: தனக்குத் தோன்றாத வழி எதுவும் பக்கத்து சீட்டிலும் இல்லை என்று இப்போது கேப்டனுக்குத் தெரியும், நதியில் இறக்குவதில் முழுக் கவனத்தையும் வைக்கலாம். 155 பேரும் பிழைத்தார்கள்.

இனி, திருப்பிச் சொல்வது. பேச்சைப் பற்றி யோசிக்கும்போது நாம் பெரும்பாலும் அனுப்பும் முனையையே பார்க்கிறோம், கூரியரில் போட்டாயிற்று, போய்ச் சேர்ந்திருக்கும் என்கிற மாதிரி. ஆபத்தான வேலைகளில் இருப்பவர்கள் ரசீது கேட்பார்கள். கண்ட்ரோலர் 15,000 அடிக்கு இறங்கு என்றால் விமானி 15,000 அடி என்று திருப்பிச் சொல்ல வேண்டும், கண்ட்ரோலர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்பாக இருந்தால் திருத்த வேண்டும். மூன்றாவது படியில்தான் ஆட்கள் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் என்ன பதில் வரும் என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் காது அதையே கேட்டுவிடும்.

திருப்பிச் சொல்வதற்கும் எல்லை உண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே, டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. சவூதி விமானம் 14,000 அடியில், கசகஸ்தான் விமானத்துக்கு அனுமதி 15,000 அடி வரை. 15,000 அடிக்கு வந்துவிட்டோம் என்று அங்கிருந்து பதிலும் வந்தது. ஆனால் விமானம் அதற்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ரேடியோ பேசியவர் விமானம் ஓட்டுபவர் அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர், உயரத்தைப் பார்க்க வேண்டுமானால் விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். டெல்லியில் அப்போது இருந்த ரேடாரோ விமானம் எங்கே என்று காட்டும், எந்த உயரத்தில் என்று காட்டாது. சொற்கள் கச்சிதமாகப் பொருந்தின, விமானம் வேறு இடத்தில் இருந்தது. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியை இந்திய வான்வெளியில் கட்டாயமாக்கியது இதற்குப் பிறகுதான்.

மனிதர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், இயந்திரமும் இதே தப்பைச் செய்யும். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென்று இருந்த விளக்கு, மூடியிருக்கிறது என்று காட்டியது. காரணம், அந்த விளக்கு வால்வின் நிலையைப் பார்க்கவில்லை, மூடு என்ற கட்டளை போய்விட்டதா என்பதைத்தான் பார்த்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன, அவற்றை அச்சடித்துத் தர வேண்டிய பிரின்டர் நேரத்தில் வெகுதூரம் பின்தங்கிவிட்டது. தகவல் கூடக் கூட நிச்சயமின்மை குறையும் என்று நினைப்பவர்கள் அந்த அறையில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அமெரிக்க விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது என்று விதி இருப்பதும் கவனம் சிதறக்கூடாது என்பதற்காகத்தான்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள். ஷிஃப்ட் மாறும்போது என்ன ஆகும்? 1988 ஜூலை 6, ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றினார்கள், மாலைக்குள் வேலை முடியவில்லை, திறந்திருந்த குழாயில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டு, இந்தப் பம்பை எக்காரணம் கொண்டும் ஓட்டக்கூடாது என்ற விஷயம் பர்மிட்டில், அதாவது வேலைக்கான அனுமதித் தாளில், எழுதப்பட்டது. பொறுப்பாளர் வேறு வேலையில் இருந்ததால் வாயால் சொல்ல முடியவில்லை, தாளை வைத்துவிட்டுப் போனார்கள். இரவு பத்து மணி நெருங்கும்போது இன்னொரு பம்ப் நின்றுவிட்டது, மறுபடி ஓடவில்லை. முதல் பம்பை ஓட்டலாமா என்று இரவு ஷிஃப்ட்காரர்கள் பர்மிட்டுகளைத் தேடினார்கள். அதே பம்புக்கு இன்னும் தொடங்காத வேறொரு பராமரிப்பு வேலைக்கான பர்மிட் கிடைத்தது. வால்வைப் பற்றிய பர்மிட் வேறு இடத்தில் இருந்தது. தேடினோம், பார்த்தோம், தடையில்லை, ஓட்டிவிட்டார்கள். வால்வு இல்லாத அந்த இடத்திலிருந்து வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

தேடாமல் ஓட்டியிருந்தால் மனதில் ஒரு உறுத்தலாவது மிஞ்சியிருக்கும். தேடிப் பார்த்து ஒரு தாளும் கையில் கிடைத்துவிட்டதால் அந்த உறுத்தலும் போய்விட்டது. எழுத்தில் இருப்பது போதும் என்று நினைக்கும் எல்லா அலுவலகத்துக்கும் இதைச் சொல்வேன். எழுத்து வேண்டும், ஆனால் எழுதிய தாளால் "புரிந்ததா" என்று கேட்க முடியாது. வாங்கிக்கொள்பவர் கேள்வி கேட்டால் அதனால் பதில் சொல்லவும் முடியாது.

மருத்துவமனையில் இந்தப் பிரச்சினை தினமும் இரவில் நடக்கிறது. டியூட்டி நர்ஸ் போனில் "டாக்டர், ஏழாம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்றால், மறுமுனையில் அரைத்தூக்கத்தில் இருப்பவர் "சரி, பாத்துக்கோங்க" என்பார். இதற்காகத்தான் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளில் இருந்து மருத்துவத்துக்கு வந்த எஸ்பார் என்ற முறை: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, என்ன செய்ய வேண்டும். அதே நர்ஸ் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், ஏழாம் பெட் பேஷன்ட்டுக்கு பிபி 90/60-க்கு இறங்கிடுச்சு, பல்ஸ் 120. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர், சாயங்காலம் பிபி 130/80 இருந்தது. உள்ள ரத்தம் கசியுதோன்னு நினைக்கிறேன். நீங்க உடனே வந்து பாக்கணும்." மூன்றாவது, நான்காவது வாக்கியங்கள்தான் உயிர்நாடி, ஏனென்றால் அங்கேதான் நர்ஸ் தன் கணிப்பை டாக்டர் மனதில் வைக்கிறார். நம் ஊரில் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லத்தான் தயங்குவார்கள், கணிப்பது டாக்டர் வேலை, நமக்கு எதற்கு வம்பு என்று.

நிச்சயமின்மை குறைப்புக் கோட்பாடு என்று தேடினால் 1975-ல் பெர்கர், கலப்ரீஸ் என்ற இருவர் எழுதியது வந்து நிற்கும். அது முன்பின் தெரியாத இருவர் முதல் முறை சந்திக்கும்போது ஒருவரை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பது பற்றியது, விபத்துகளைப் பற்றியது அல்ல. ஆனால் அதற்கும் இங்கே ஒரு இடம் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் அன்றைக்குச் சேர்ந்து வேலை செய்பவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாதவர்களாக இருப்பது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒருமுறை வாயைத் திறந்தவர் அப்புறம் ஒரு தப்பைப் பார்த்தால் பேசுவதற்குத் தயங்குவது குறையும், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிறுத்தலாம். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்துப் பார்த்ததில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. முழுப் புகழும் பெயர் சொல்வதற்குப் போகாது, பட்டியலில் 19 விஷயங்கள் இருக்கின்றன.

உங்கள் வேலையில் இதை எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், ஷிஃப்ட் ஒப்படைக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள். அமெரிக்கா, கனடாவில் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் இளம் டாக்டர்கள் நோயாளிகளை ஒப்படைக்கும் முறையை மாற்றிப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஐ-பாஸ் என்ற அந்த முறையின் கடைசிப் படி, வாங்கிக்கொள்பவர் தனக்குப் புரிந்ததைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது. நம் ஊரில் இதைக் கேட்டால் முதல் நாள் "நான் என்ன ஸ்கூல் பையனா, ஒப்பிக்கிறதுக்கு?" என்று ஒருவராவது முறைத்துக்கொள்வார். "நான் சரியா சொன்னேனான்னு பாத்துக்கறேண்ணே, ஏதாவது விட்டிருப்பேன்" என்று பழியைத் தன் பக்கம் போட்டுக்கொண்டு கேளுங்கள், சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லும்போது எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ, அல்லது எதை மொத்தமாக விட்டுவிடுகிறாரோ, அதை மட்டும் இன்னொரு முறை சொன்னால் போதும்.